இறங்கும் வித்தை

வடக்கே ஒரு பட்டாள ஆஸ்பத்திரி,
1944 பிப்ரவரி 6

பிரியமான சுசீலாபாய் அக்காளுக்கு,

தம்பி நேசையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் அப்பாவும் சுகம்தானே? அப்பாவின் இடுப்பு வலி குறைந்திருக்கிறதா? அத்தான் இந்த மாதமாவது போனக்காடு எஸ்டேட்டிலிருந்து வீட்டுக்கு வந்தாரா? சாலைக் கடைத்தெருவில் நம் கருப்பட்டிக் கடை எப்படிப் போகிறது?

இங்கே ஒரு விசேஷம். போன வாரம் ஒரு மேஜர் வந்தார். எங்களைப் போலக் காயம் கட்டும் ஆர்டர்லிகளில் ஒரு தனிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறாராம். விருப்பம் உள்ளவர்கள் ஓரடி முன்னால் வரலாம் என்றார். என் கால் என்னைக் கேட்காமலே முன்னால் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஓடச் சொன்னார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டச் சொன்னார்கள். ஒரு டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்; பிறகு சுழல் நாற்காலியில் உட்காரவைத்துப் பம்பரமாய்ச் சுற்றிவிட்டு, நேராக நடந்து காட்டு என்றார். நான் நேராகத்தான் நடந்தேன். சுவர்தான் குறுக்கே வந்தது.

கடைசியில் மேஜர், "உனக்கு எதைக் கண்டாவது பயம் உண்டா?" என்று கேட்டார். "எங்கள் அப்பாவைக் கண்டால் பயம், சார்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என்னை எடுத்துக்கொண்டார். நான் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

என்ன பயிற்சி, எந்த இடம் என்று எழுதக்கூடாது. கடிதங்களைப் பிரித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். மருந்துப் பெட்டியோடு சம்பந்தப்பட்ட வேலை என்று மட்டும் அப்பாவிடம் சொல்.

உங்கள் ஜெபத்தில் என்னை மறக்க வேண்டாம்.

அன்புள்ள தம்பி,
நேசையன்

———

திருவனந்தபுரம்,
பிப்ரவரி 24

அன்பான தம்பி நேசையனுக்கு,

அக்காள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் சுகமாக இருக்கிறோம். ரேஷன் அரிசி வாரத்தில் பாதி நாளைக்குக்கூடக் காணாது. மீதி நாளெல்லாம் மரச்சீனிக் கிழங்குதான். அதைத் தின்றும் அப்பா இளைக்கவில்லை, நான்தான் பெருத்துவிட்டேன். அத்தான் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார். தேயிலை கொண்டுவந்தார், கூடவே அட்டைக்கடியும் கொண்டுவந்தார்.

உன் கடிதத்தை மாலை ஜெபம் முடிந்ததும் வாசித்தேன். அப்பாவைக் கண்டால் பயம் என்ற இடத்தில் அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், வெளியே காட்டவில்லை. உடனே பழைய கேள்விதான்: "அவனுக்கு காலு தரையிலதானே இருக்கு? அத மட்டும் கேட்டு எழுது."

"பட்டாள ஆசுபத்திரி தரையிலதான் இருக்கும், அப்பா" என்றேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. குழித்துறையில் மழையில் நனைந்த பனையிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு கால் குட்டையாகி வீட்டுக்கு வந்த அன்றைக்கே உன் பிஞ்சுக் கையை வேதபுத்தகத்தின் மேல் வைத்து, "இனி மரம் ஏற மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினாரே, எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பனை இல்லாத இடமாகப் பார்த்து இந்தப் பட்டணத்துக்கு நம்மைக் கூட்டிவந்தார். உன்னைக் காயம் கட்டப் படிக்கவைத்ததும் அதற்காகத்தான். அன்று முதல் அவர் நிமிர்ந்து மேலே பார்த்ததே இல்லை. கோயில் மணியடித்தால்கூடக் குனிந்துகொண்டுதான் கேட்கிறார். பக்கத்துக் கடை தாணு, "யோசுவாவுக்கு மழை தெரியணும்னா தரை நனையணும்" என்று பரிகாசம் பண்ணுகிறார்.

ஆகையால் கேட்கிறேன்: உன் கால் தரையில்தானே இருக்கிறது?

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் அக்காள்,
சுசீலாபாய்

———

பயிற்சி முகாம்,
மார்ச் 15

பிரியமான அக்காளுக்கு,

ஸ்தோத்திரம். சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சப்பாத்தியும் பருப்பும். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் தன்பகதூர் என்ற கூர்க்காப் பையன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு நேபாளி தெரியாது. அதனால் எங்களுக்குள் சண்டையே வருவதில்லை. கருப்பட்டி என்று ஒன்று உண்டு என்பதைக் கையால் காட்டிப் புரியவைத்தேன். வந்தால்தான் நம்புவேன் என்று அவனும் கையாலேயே சொல்லிவிட்டான். ஆகவே அனுப்பி வை. நம் மானம் போகக்கூடாது.

எங்களைப் பழக்குகிற வெள்ளைக்கார சார்ஜண்டுக்குத் தொண்டை பித்தளை. ஓட்டம், உருளுதல், மறுபடியும் ஓட்டம். நாள் முழுவதும் ஒரே பாட்டு: கால் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், முழங்கால் கொஞ்சம் மடங்க வேண்டும், கீழே பார்க்கக்கூடாது. எனக்கு அந்தக் கால் சேருகிற காரியம்தான் வரவில்லை. அதிகம் வைவு வாங்குவது நான்தான்.

மற்றபடி விசேஷம் இல்லை. போனக்காட்டுக்கு எழுதினால் அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
நேசையன்

———

திருவனந்தபுரம்,
ஏப்ரல் 4

அன்பான தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். மார்ச் கடிதம் கிடைத்தது. வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. வெயில் மட்டும் தாங்கவில்லை.

சாப்பாடு, கூர்க்கா, சார்ஜண்ட் என்று ஒளிக்க ஒன்றும் இல்லாத கடிதம் என்று முழுவதையும் அப்பாவுக்கு வாசித்தேன். கால் சேருகிற வரியை மட்டும் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். வாசித்தேன். "செரி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். உன் கால் தரையில் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஆச்சரியம், அவரும் அதைக் கேட்கவில்லை.

ஆனால் நான் கேட்கிறேன். இந்தத் தனித்தாளை அப்பா பார்க்கமாட்டார். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வரும் படப் பத்திரிகையில் ஒரு படம் கண்டேன். விமானத்திலிருந்து பட்டாளக்காரர்கள் பெரிய பெரிய குடைகளில் தொங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அதன் பக்கத்தில், கால் இரண்டையும் சேர்த்து முழங்காலை மடக்கித் தரையில் உருளப் பழகும் படம் ஒன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நேசா, எழுதக்கூடாது என்று தடுப்பது அதிகாரியா, நீயா? நீ ஆகாயத்திலிருந்து குதிக்கிறாயா? உண்டு அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை தனித்தாளில் எழுது.

உன் அக்காள்,
சுசீலாபாய்

———

பயிற்சி முகாம்,
ஏப்ரல் 22

(தனித்தாள். வாசித்ததும் அடுப்பில் போடு.)

அக்கா,

உண்டு.

அதிகாரி தடுப்பது இடத்தின் பெயரை மட்டும்தான்; மற்றதை மறைத்தது நான். இன்னும் விமானத்தில் ஏற்றவில்லை. ஓடுகிற லாரியின் பின்னாலிருந்தும், பரணிலிருந்தும் குதித்துப் பழகுகிறோம். இதில் தேறினால் விமானம். அதிலிருந்து ஐந்து முறை குதித்து முடித்தால் சட்டைக் கையில் சிறகு தைத்துத் தருவார்கள்.

ஏன் போனாய் என்று கேட்பாய். ஆஸ்பத்திரியில் ஒரு பையன் வந்தான். காட்டில் காலில் குண்டு பட்டு, கோவேறு கழுதை மேல் கட்டிவைத்து மலையெல்லாம் கடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். நான் கட்டைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. டாக்டர், "பட்ட அன்றைக்கே யாராவது இதைக் கழுவிக் கட்டியிருந்தால் போதும், பிழைத்திருப்பான்" என்றார். கழுவிக் கட்ட எனக்குத் தெரியும். அந்த இடத்துக்குப் போய்ச் சேரத்தான் வழி இல்லாமல் இருந்தது. இப்போது ஆகாயத்தில் வழி போட்டிருக்கிறார்கள். அந்த மேஜர் அதைச் சொன்னபோதுதான் என் கால் முன்னால் போனது.

அப்பாவுக்குச் செய்த சத்தியத்தை நான் மறக்கவில்லை. மரம் ஏற மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆகாயத்தைப் பற்றிப் பேச்சே வரவில்லை. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நீ பயப்படவேண்டிய அவசியமே வராது போலிருக்கிறது. தரையைக் கண்டதும் என் கால் தானாக அகலுகிறது. ஒற்றைக் கால் முதலில் பட்டால் எலும்பு முறியும். போன வாரம் கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆறியதும் இன்னொரு தவணை பார்ப்பார்கள். அப்போதும் சேராவிட்டால் பழைய ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது நடந்தால் எனக்குத் தாங்காது, அக்கா.

நேசையன்

———

திருவனந்தபுரம்,
மே 8

தம்பிக்கு,

இங்கே சுகம். உன் கணுக்கால் சுகமா? தவிட்டைச் சூடாக்கி ஒத்தடம் கொடு. காயம் கட்டுகிறவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன் வக்கீல்தனத்தைப் படித்து முதலில் வயிறு எரிந்தது. ஆகாயத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லையாம்! பிறகு அந்தப் பையனைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். உன் கால் சேராமலே போய் நீ திரும்பி வரவேண்டும் என்று ஜெபிக்க உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. சேரட்டும் என்று ஜெபிக்கவும் தைரியம் இல்லை. "ஆண்டவரே, உமக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். தாளை எரித்துவிட்டேன். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

அவர் போக்குதான் ஒரு மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, சங்குமுகத்துக்குக் காற்று வாங்கப் போகலாம் என்றார். பட்டணம் வந்த நாளாய் அவர் காற்று வாங்கி நான் கண்டதில்லை. கடலைப் பார்க்காமல் விமானத் தளத்துப் பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தார். ஒரு விமானம் இரைந்துகொண்டு தலைக்கு மேல் போயிற்று. இவர் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எவ்வளவு ஒசரம் இருக்கும்?" என்றார்.

"எனக்கு எப்பிடி அப்பா தெரியும்?"

"பத்துப் பனை இருக்குமா?"

"கூடவே இருக்கும்."

உடனே எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். உனக்குக் கருப்பட்டி அனுப்புவதற்கும் என்னைத் தொடவிடவில்லை. தாமே ஓலைப்பெட்டி வாங்கி, தாமே அடுக்கி, தாமே தைத்து, பிடிவாதமாகத் தாமே தபாலாபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார். வயதாகிறது, வேறென்ன.

கால் எப்படி என்று உடனே எழுது.

சுசீலாபாய்

———

திருவனந்தபுரம்,
ஜூன் 10

நேசா,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே மலையாளத்தில் "கத்து இல்லா" என்று கையை ஆட்டிவிடுகிறார். அப்பா கேட்பதில்லை, ஆனால் தபால் வருகிற நேரத்துக்குக் கடையிலிருந்து ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். சுகம் என்று ஒரு வரி போதும்.

அக்காள்

———

பயிற்சி முகாம்,
ஜூன் 18

என் அருமை அக்காளுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று முறை எழுதிவிட்டேன், விட்டுப்போன கடிதங்களுக்கும் சேர்த்து. கால் ஆறும் வரை எழுத மனம் வரவில்லை. தோற்றுப்போனேன் என்று எழுத நேருமோ என்ற பயம். மன்னித்துக்கொள்.

பெட்டி வந்தது. பாதிக் கருப்பட்டி உருகி, மீதியை எறும்பு மொய்த்திருந்தது. தன்பகதூர் எறும்பை ஊதிவிட்டுத் தின்றான். இப்போது என்னைக் கண்டாலே கையை நீட்டுகிறான். ஆனால் பெட்டிக்கு அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு சாமான் இருந்தது. பிரித்தேன். தளைநார்.

அப்பாவின் தளை, அக்கா. பனை ஏறும்போது இரண்டு கணுக்காலையும் சேர்த்து மாட்டிக்கொள்வாரே, அந்த நார் வளையம். கால் பட்ட இடம் கறுத்து வழவழவென்று இருக்கிறது. எல்லாவற்றையும் குழித்துறையிலேயே எரித்துவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தோம்? கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தன்பகதூர் பயந்துபோய்த் தான் தின்ற கருப்பட்டிக்காக அழுகிறேன் என்று நினைத்து, மீதியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான்.

மறுநாள் அதைக் காலில் மாட்டிக்கொண்டு பரணின் மேல் நின்றேன். சார்ஜண்ட், "இது என்ன குரங்குச் சேட்டை?" என்றார். எங்கள் குடும்பத்து வழக்கம் என்றேன். குதி பார்ப்போம் என்றார். குதித்தேன். கால் எப்படி அகலும்? நாலைந்து நாள் அதோடு குதித்தேன். பிறகு கழற்றிவிட்டுக் குதிக்கச் சொன்னார். கழற்றினேன், கால் மட்டும் அது இருப்பதாகவே நினைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எனக்கு வைவு இல்லை.

விமானத்திலிருந்தும் இரண்டு முறை குதித்துவிட்டேன்! இரண்டு முறையும் கால் சேர்ந்தே வந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தனித்தாளை அடுப்பில் போடச் சொல்லியும் அப்பாவிடம் ஏன் சொன்னாய்?

உன் தம்பி,
நேசையன்

———

திருவனந்தபுரம்,
ஜூலை 5

அன்பான தம்பிக்கு,

நாங்கள் சுகம், உன் கடிதம் வந்த பிறகு கூடுதல் சுகம்.

வேதபுத்தகத்தின் மேல் ஆணை, நான் சொல்லவில்லை. தளை விஷயமே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நேராக அவரிடம் போய், "அப்பா, பெட்டிக்குள்ள என்ன வச்சீங்க?" என்று கேட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நீ அண்ணைக்கு வாசிச்சியே, காலு ரெண்டும் சேரணும், முட்டு மடங்கணும், கீழ பாக்கப்பிடாதுண்ணு. தரையில ஓடுதவனுக்கு எதுக்கு பிள்ளே காலு சேரணும்? ரெண்டு காலும் சேந்தா அவன் எப்பிடி ஓடுவான்? ஒசரத்துல நிக்கவனுக்காக்கும் அந்தப் பேச்சு. பட்டாளத்துல பனை கெடையாது. பின்ன என்ன உண்டு? மேல இரைஞ்சுக்கிட்டுப் போவுதே, அதுதான்."

ஒளிக்க ஒன்றும் இல்லை என்று நான் ஒரு பனையேறிக்குப் போய் அந்த வரியை, அதுவும் இரண்டு முறை, வாசித்திருக்கிறேன்! அன்று முதல் அவருக்குத் தெரியும். நான் அவரிடம் மறைக்க, அவர் என்னிடம் மறைக்க, இரண்டு பேரும் ஒரே மரச்சீனியை எதிர் எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறோம்.

"சத்தியம் பண்ணினானே, ஒங்களுக்கு கோவம் இல்லியா?" என்றேன்.

"மரம்ணுதானே நான் சொன்னேன்? ஆகாயத்துக்கு நான் என்னத்தக் கண்டேன்?" என்றார். அப்பனும் மகனும் ஒரே கட்சி வக்கீல்கள்.

பிறகு பென்சில் வாங்கி, ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து, தம் கைப்பட எழுதித் தந்தார். கூட வைத்திருக்கிறேன்.

சுசீலாபாய்

*

மகன் நேசையனுக்கு அப்பன் யோசுவா.

சொகமா இருக்கியா. நான் சொகம். தளைய சும்மா தந்தேன்னு நெனைக்காத. எனக்கு ஏறத் தெரியும். நல்லாத் தெரியும். எறங்கத்தான் தெரியாமப் போச்சு. நீ எறங்கப் படிக்கியாம். செரியாப் படி. படிச்சிட்டு எப்பிடீண்ணு எனக்குச் சொல்லு. கர்த்தர் காப்பார்.

———

பயிற்சி முகாம்,
ஆகஸ்டு 2

என் அன்பான அப்பாவுக்கு,

மகன் நேசையன் பணிவுடன் எழுதுவது. உங்கள் கைப்பட எழுதிய கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்று ஐந்தாவது முறையும் குதித்துவிட்டேன். சிறகு தைத்துக்கொண்டேன். தளை என் மருந்துப் பெட்டியில் இருக்கிறது.

இறங்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

விமானத்தின் வாசலில் நிற்கும்போது பயமாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், சார்ஜண்டுக்கும் அப்படித்தானாம். முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், குதித்துவிட வேண்டும். குதித்ததும் முதல் வேலை கீழே பார்ப்பது அல்ல. நிமிர்ந்து மேலே பார்ப்பது. குடை விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிந்திருந்தால், அப்பா, அதைப் போல ஒரு சந்தோஷம் நான் கண்டதில்லை. தலைக்கு மேல் வெள்ளையாய் நிற்கும். ஒரு சத்தமும் இருக்காது. நான் அங்கே சத்தமாகப் பாட்டுப் பாடுகிறேன். வைவதற்கு ஆளே கிடையாது.

தரை கிட்ட வரும்போது எட்டிப் பிடிக்கப் பார்க்கக்கூடாது. என் தப்பு அதுதான். காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் தரை தானாக வரும். வந்ததும் விறைத்து நிற்கக்கூடாது, விழுந்து உருள வேண்டும். இங்கே இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் விழத்தான். அன்றைக்கு நீங்கள் விழுந்ததில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. உங்களுக்கு மேலே குடை இல்லை, அவ்வளவுதான்.

இனி எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது. எங்கே இறங்கினாலும் அங்கே ஒருவன் காயத்தோடு காத்திருப்பான், நான் போய்க் கட்டுவேன். அதற்கு முன் லீவு கேட்டிருக்கிறேன்.

உங்கள் மகன்,
நேசையன்

———

திருவனந்தபுரம்,
ஆகஸ்டு 21

அன்பான தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம், ஒரு கழுத்தைத் தவிர. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை அப்பா என்னிடம் தரவே இல்லை. எழுத்துக் கூட்டித் தாமே வாசித்தார். வாசித்து முடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துவிட்டு, அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாளையத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். சங்குமுகத்துப் பக்கமிருந்து ஒரு விமானம் கிளம்பி வந்தது. அப்பா நடு ரோட்டில் நின்றார். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். ஊன்றுகோல் கீழே விழுந்தது. பின்னால் வந்த வண்டிக்காரன் மலையாளத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினான். இவர் காதில் ஏறவில்லை. மெல்ல மெல்ல முகத்தைத் தூக்கினார், நேசா. அண்ணாந்து பார்த்தார். அது மேகத்துக்குள் போய் மறைகிற வரை பார்த்தார்.

"கொடை ஒண்ணும் விரியல்லியே?" என்றார்.

"அதுல உள்ளவங்க உக்காந்தே போறவங்க அப்பா. குதிக்கமாட்டாங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. விறைத்துக்கொண்டது. தைலத்தைச் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். வலியில் முனகிக்கொண்டே சொல்கிறார்:

"பைய தேயி, பிள்ளே. நாளைக்கும் பாக்கணும்லா."

லீவு கிடைத்ததும் வா.

உன் அக்காள்,
சுசீலாபாய்